பாரா எஸ்.எஃப்., மார்கோஸ், என்.எஸ்.ஜி., கோப்ரா: இவற்றில் எந்தக் கமாண்டோ படை சிறந்தது?

இதே கேள்வியை ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், என் அக்கா மகன் எங்கள் பெரியப்பா மகனிடம் கேட்டான். அண்ணன் மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சி.ஆர்.பி.எஃப்.பில் சேர்ந்து, அதன் கோப்ரா பட்டாலியனில் சில ஆண்டுகள் சத்தீஸ்கர் காட்டுக்குள் கிடந்தவர்.

"மாமா, நீங்களும் என்.எஸ்.ஜி.யும் மோதினால் யார் ஜெயிப்பீர்கள்?"

"எங்கே மோதுவது என்று முதலில் சொல். ஹோட்டல் மாடியிலா, காட்டிலா? மாடி என்றால் நான் வரவில்லை" என்றார் அண்ணன்.

என் பதிலும் அதேதான். ஆனால் பையன் விடவில்லை, நீங்களும் விடமாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

யார் யாருடைய ஆள் என்பதில்தான் பாதிக் குழப்பம். பாரா எஸ்.எஃப். ராணுவத்தினுடையது. 1965 போரில் மேஜர் மேக் சிங் திரட்டிய சிறு படைதான் அதன் வித்து. அடுத்த ஆண்டே 9 பாரா கமாண்டோ பட்டாலியன் உருவானது. மார்கோஸ் கடற்படையினுடையது, 1987இல் தொடங்கியது. விமானப்படையின் கருட் 2004இல் வந்தது. இந்த மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி.யும் கோப்ராவும் உள்துறை அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவை.

என்.எஸ்.ஜி.யை ராணுவத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கதவை உடைத்து உள்ளே போகும் அதன் அதிரடிப் பிரிவில் இருப்பவர்கள் ராணுவத்திலிருந்து அயற்பணியில் வந்தவர்கள். மும்பை தாஜ் ஹோட்டலில் உயிர்நீத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் பிகார் ரெஜிமென்ட் அதிகாரி. துணை ராணுவத்திலிருந்து வருபவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. நம் ஊரில் ஜெயலலிதாவைச் சுற்றி நின்ற கருப்புப் பூனைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு என்.எஸ்.ஜி. என்றாலே தலைவர்களின் மெய்க்காவல்தான். அந்தக் காவல் வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவது பிரிவின் தலையில்தான் விழுந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே படை, ஒரே விமான நிலையம், இரண்டு சம்பவங்கள். 1993 ஏப்ரலில் டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டு அமிர்தசரஸில் இறங்கியது. நள்ளிரவு தாண்டி என்.எஸ்.ஜி. உள்ளே ஏறியது. சில நிமிடங்களில் கடத்தியவனின் கதை முடிந்தது. பயணிகள் யாருக்கும் ஆபத்தில்லை. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பி, நடுவானில் கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானம் அதே அமிர்தசரஸில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. டெல்லியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. என்.எஸ்.ஜி. வந்து சேருமுன் விமானம் மேலே எழும்பிவிட்டது. அது ஆப்கானிஸ்தானின் கந்தஹாரில் போய் முடிந்ததும், பயணிகளை மீட்கச் சிறையிலிருந்த மூன்று பயங்கரவாதிகளை விடுவிக்க நேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் கமாண்டோக்களின் கைகள் மெலிந்துவிடவில்லை. உத்தரவுதான் நேரத்துக்கு வரவில்லை.

மும்பையிலும் அதே கதை. 2008 நவம்பர் 26 இரவு ஒன்பதரை மணியளவில் தாக்குதல் தொடங்கியது. மார்கோஸ் வீரர்கள் மும்பையிலேயே இருந்ததால் அன்றிரவே தாஜுக்குள் நுழைந்துவிட்டார்கள். ஹரியாணாவின் மானேசரிலிருந்து கிளம்பிய என்.எஸ்.ஜி. மும்பையில் தரையிறங்கியபோது மறுநாள் அதிகாலை. அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு, சென்னை உட்பட நான்கு நகரங்களில் என்.எஸ்.ஜி. கிளைகளை அமைத்தது. இணையத்தில் படைகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் தண்டால் கணக்கு இருக்கும், துப்பாக்கிப் பெயர் இருக்கும். படையை ஏற்றிப் போகும் விமானம் எங்கே நிற்கிறது என்ற கணக்கு மட்டும் இருக்காது.

திறமை இருந்தும் தகவல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் இருக்கிறது. 1987 அக்டோபரில், புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்கத்தோடு, பாரா கமாண்டோக்களும் சீக்கியக் காலாட்படையின் ஒரு பிரிவும் இரவில் ஹெலிகாப்டரில் யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கப்பட்டார்கள். எதிரில் இருந்தவர்கள் ஏற்கெனவே தயார். சீக்கியப் படையினரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். பாரா கமாண்டோக்கள் இழப்புகளுடன் போராடித்தான் வெளியே வந்தார்கள்.

கோப்ராவை யாரும் இந்தப் பட்டியல்களில் மேலே வைப்பதில்லை. 2008இல் ஒப்புதல் கிடைத்து, மாவோயிஸ்டுகளை எதிர்கொள்வதற்கென்றே சி.ஆர்.பி.எஃப்.புக்குள் உருவான பத்து பட்டாலியன்கள் அவை. கல்யாணத்துக்கு மறுநாள் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து அக்கா மகனுக்குப் பொறுமையாகச் சொன்னார். காட்டுக்குள் போனால் மூன்று நான்கு நாள். முதுகில் அவல், வறுத்த கடலை, குளுக்கோஸ், கொசுவலை, குண்டுகள். சமைத்தால் புகை காட்டிக்கொடுக்கும். மூன்று இடங்களில் கால் வைக்கக் கூடாது: நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை, ஊருக்கு வெளியே இருக்கும் அடிபம்பு, பாதையோரத்து நல்ல நிழல். களைத்தவன் எங்கே போவான் என்று யோசித்துத்தான் கண்ணிவெடி புதைப்பார்கள்.

"என்.எஸ்.ஜி. உள்ளே போனால் அரை மணியில் முடிவு தெரியும். நாங்கள் உள்ளே போனால், திரும்பி வந்து தலை எண்ணும்போதுதான் தெரியும்" என்றார். பையன் அதற்குப் பிறகு மோதல் பற்றிக் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தபோதே அண்ணன் கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார். நாள் கணக்கில் ஈரக் காலணியோடு நடந்த புண், ஊருக்கு வந்து மூன்று வாரமாகியும் ஆறவில்லை.

எனக்கு இதில் ஒரு கோபமும் உண்டு. 2004க்குப் பிறகு சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் சேர்ந்தவர்களைப் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளினார்கள். ராணுவத்தினருக்குப் பழைய ஓய்வூதியம் தொடர்ந்தது. தரவரிசை போடுபவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதலாம்.

மாநிலப் போலீஸை மறந்துவிடுவதும் வழக்கம். 1989இல் ஆந்திராவில் உருவான கிரேஹவுண்ட்ஸ், காட்டுச் சண்டையில் மற்றவர்களுக்கு முன்மாதிரி. வீரப்பனைத் தேடிய நம் அதிரடிப் படைக்குப் பல ஆண்டுக் காட்டுத் தேடல் கைகொடுக்கவில்லை. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அவரை வெளியே வரவழைத்தது ஓர் ஆம்புலன்ஸும் அதற்குப் பின்னால் இருந்த உளவு வேலையும்தான். அப்படைக்குத் தலைமை தாங்கிய விஜயகுமார் 2010இல் சி.ஆர்.பி.எஃப். தலைவரானார்.

கடலுக்கு மட்டும் போட்டியே இல்லை. 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் வசமிருந்த ரூயன் கப்பலை மீட்க, மார்கோஸ் வீரர்களை சி-17 விமானத்திலிருந்து படகுகளோடு கடலில் இறக்கினார்கள். ஏறக்குறைய 40 மணி நேர நடவடிக்கையின் முடிவில் கொள்ளையர் 35 பேரும் சரணடைந்தார்கள், மாலுமிகள் 17 பேரும் பத்திரமாக மீண்டார்கள். அந்த வேலையை அண்ணனிடம் கொடுத்தால் அவர் நீச்சல் தெரியாது என்பார், உண்மையிலேயே தெரியாது.

சேரும் எண்ணத்தில் கேட்டிருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். என்.எஸ்.ஜி.க்கு நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது; ராணுவத்திலோ ஆயுதக் காவல் படையிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டுத்தான் போக முடியும். மார்கோஸுக்குக் கடற்படை வழியாகப் போக வேண்டும், கோப்ராவுக்கு சி.ஆர்.பி.எஃப். வழியாக. என் அக்கா மகன் இப்போது கடற்படைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறான். நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறோம்.