ஸ்லிப்பர் ஆர்க்கிட் மறுபடி பூக்குமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். போன சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய கலப்பின ஸ்லிப்பர் ஆர்க்கிட் (செருப்பு முனை மாதிரிப் பை வைத்த பூ) இரண்டு மாதம் பூத்து நின்றது. அதோடு சரி. வெயில் விரும்பும் வாண்டா ஆர்க்கிட் தொட்டிகளோடு தாழ்வார வெயிலில்தான் வைத்திருக்கிறேன். இலையெல்லாம் மஞ்சளடிக்கிறது. பழைய தண்டில் திரும்ப மொட்டு வருமா?

பதில்: அந்தத் தண்டில் வராது. வாழையை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு மரம் ஒரு முறைதான் குலை தள்ளும். இதுவும் அப்படித்தான். பூத்து முடித்த இலைக்கொத்தின் அடியில் விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். பச்சை மூக்கு மாதிரி ஒரு கன்று தெரிந்தால் அடுத்த பூ அதில்தான். பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். பழைய கொத்தை வெட்டிவிடாதீர்கள், கன்றுக்குச் சோறு போடுவது அதுதான்.

அடுத்து இலையைப் பாருங்கள். கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத் திட்டாக இருந்தால் கவலை வேண்டாம், நம் ஊர் வெக்கையைத் தாங்கும் வகை. மலேசியாவின் ஜொகூரில் உள்ள குனோங் லேடாங் போன்ற மலைகளில் மரநிழலில் வளரும் பார்பேட்டம், தாய்லாந்துப் பக்கத்துக் கல்லோசம் போன்ற காட்டு இனங்கள் இவற்றின் மூதாதையர். 1869இல் வெளிவந்த முதல் ஸ்லிப்பர் கலப்பினமான ஹாரிசியானத்துக்கும் பார்பேட்டம் ஒரு பெற்றோர். திட்டே இல்லாத பச்சை இலையும், பெரிய உருண்டையான ஒற்றைப் பூவும் என்றால் விஷயம் வேறு. மேகாலயா மலைகளின் இன்சிக்னே போன்றவற்றின் வழி வந்தது அது. பூக்க இரவுக் குளிர் வேண்டும். சிங்கப்பூரின் 25 டிகிரி இரவில் அதை மறுபடி பூக்கவைப்பது மிகக் கடினம்.

எந்த வகையானாலும் வாண்டாவுக்குப் பக்கத்தில் வேண்டாம். அடியிலை ஒன்றிரண்டு பழுப்பது இயல்பு. செடி முழுக்க மஞ்சளடித்தால் பெரும்பாலும் வெயில் அதிகம். காலை இளவெயில் மட்டும் படும் சன்னலோரம் போதும்.

இதற்கு நீர் சேர்த்துவைக்கும் தண்டு கிடையாது. தொட்டி காயவும் கூடாது, ஊறவும் கூடாது. தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள். கனம் குறையும்போது, காலையில், ஊற்றுங்கள். குருத்தில் நீர் தேங்கினால் டிஷ்யூ முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இங்கே நான் அதிகம் பார்க்கும் சாவு குருத்தழுகல்தான். மழைச்சாரல் அடிக்கும் இடத்திலிருந்து இன்றைக்கே உள்ளே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் தொட்டியை மாற்றுங்கள். தொட்டியில் மண்ணுக்குப் பதில் இருக்கும் மரப்பட்டை மக்கினால் வேரைக் கொல்லும். வேர் பழுப்பாக, மயிர் மயிராக இருப்பதைப் பார்த்து அழுகல் என்று நறுக்கிவிடாதீர்கள், அதன் நிறமே அதுதான். இரு விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அதை மட்டும் வெட்டுங்கள். சின்னத் துண்டு மரப்பட்டையோடு கொஞ்சம் பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்), கரித்துண்டு கலந்து, வேர் அடங்கும் அளவுக்குச் சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள். கன்றின் அடிப்பாகம் கலவைக்குள் லேசாகப் புதைந்திருக்கட்டும், அப்போதுதான் அது தன் வேரை இறக்கும். புதுக்கன்று பூக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.