நான்கு நாள் மலைச் சைக்கிள் பந்தயம்: ஓட்டவும் வேண்டும், படமும் எடுக்க வேண்டும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

“அண்ணா, வர்ற ஜனவரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் நடக்கிற நான்கு நாள் மவுண்டன் பைக் பந்தயத்துக்கு நானும் என் அத்தை பையனும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். தினமும் 40 கிலோமீட்டர் சொச்சம். ஒரு கோப்ரோ, ஆறு பேட்டரி, இரண்டு போன் இருக்கிறது. சின்னதாக ஒரு ட்ரோன் வாங்கலாமா என்றும் யோசனை. அப்பா காரில் கூடவே வந்து படம் எடுக்கிறேன் என்கிறார். பந்தயத்தையும் முடிக்க வேண்டும், அரை மணி நேரப் படமும் வேண்டும். இரண்டும் நடக்குமா?”

நடக்கும் தம்பி. ஆனால் கேமராவை ஓடவிட்டுவிட்டு ஓட்டினால் நடக்காது. முதலில் கணக்கைப் பாருங்கள். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி. தினம் நாலு மணி நேரம் வீதம் நாலு நாளைக்கு 720 ஜிபி. இடத்தைக் கூட விடுங்கள், அந்தப் பதினாறு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்க்கப் போவது யார்? எடிட்டிங்குக்கு உட்காரும்போது, நல்ல காட்சி எங்கே கிடக்கிறது என்று தேடியே ஆள் ஓய்ந்துவிடுவார். பாதிப் படங்கள் அந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 15 நொடித் துண்டுகளாக எடுத்தால் 80 துண்டு வரும், 15 ஜிபிதான். நாலு நாளில் 80 நிமிடம் சேரும். அரை மணி நேரப் படத்துக்கு அது தாராளம். சட்டைப் பையில் இரண்டு பேட்டரி போதும், மீதி நாலும் அறையில் சார்ஜ் ஆகட்டும். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதனால் அந்த இரண்டையும் முதுகுப்பையில் போடாமல் உடம்போடு ஒட்டின உள்பையில் வையுங்கள்.

சரி, அந்த 20 நிமிடத்தில் எதை எடுப்பது? என் முதல் பல நாள் பந்தயத்தில் நான் இறக்கங்களாகவே எடுத்துக் குவித்தேன். கை நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிய சரிவெல்லாம் திரையில் சமதரை ரோடு மாதிரி தெரிந்தது. அகலக் கோண லென்ஸ் செங்குத்துச் சரிவையும் தட்டையாக்கிவிடும், பெரிய பாறையையும் கூழாங்கல்லாக்கிவிடும். அந்த நாலு நாளில் இன்றைக்கும் நான் திரும்பப் பார்க்கும் காட்சி ஒன்றுதான், அதுவும் போனில் எடுத்தது. மூன்றாம் நாள் மழையில் நனைந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்து டீக்கடைப் படியில் என் ஜோடி உட்கார்ந்திருந்தார். விரல் மரத்துப்போய்க் கண்ணாடி டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்கும்போது டம்ளர் அவர் பல்லில் பட்டுக் கிணுகிணு என்று சத்தம் வந்தது. 12 நொடிதான். அன்றைய ஏற்றம், குளிர், எங்கள் இருவருக்கும் நடந்திருந்த வாக்குவாதம் எல்லாம் அந்தச் சத்தத்தில் இருக்கிறது.

அதனால்தான் நீங்கள் ஜோடியாக ஓட்டுவது பெரிய அதிர்ஷ்டம் என்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் பந்தயத்தில் ஜோடியில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, விழுந்தால் தண்டனை உண்டு. பலமுள்ளவர் காத்திருக்க வேண்டும், சோர்ந்தவர் காக்கவைக்கிறோமே என்ற உறுத்தலோடு மிதிக்க வேண்டும். உங்கள் பந்தயத்தில் அந்த விதி எப்படி என்று விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விதி எப்படி இருந்தாலும் உங்கள் படத்துக்குக் கதை அந்த இடைவெளிதான். முதல் நாள் யார் முன்னால் போனார், மூன்றாம் நாள் யார் முன்னால் போகிறார், காத்திருப்பவர் முகம் எப்படி இருக்கிறது, இதை உங்கள் இருவரைத் தவிர வேறு யாராலும் எடுக்க முடியாது. மலைக் காட்சியை ஊட்டிக்கு வரும் யாரும் எடுத்துவிடுவார்கள்.

ஆகவே ஏற்றத்தில் எடுங்கள். வேகம் குறைவு, மூச்சு கேட்கும், பேச்சும் வரும். முன்னால் இருப்பவர் பாதுகாப்பான இடமாகப் பார்த்து, பின்னால் வருபவருக்கு வழிவிட்டு ஓரமாக நின்று, ஜோடி வந்து தன்னைக் கடக்கும்வரை 15 நொடி எடுத்தால் போதும். மறுநாள் மற்றவர் எடுக்கட்டும். இறக்கத்தில் நெஞ்சில் பட்டையால் கட்டியிருக்கும் கேமராவின் பொத்தானைத் தொடவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் இறங்குவதற்கு முன்பு மேலே நின்று அழுத்திவிட்டு இறங்குங்கள். ஓடும்போது ஒரு கையை எடுப்பது உங்களுக்கும் ஆபத்து, பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

கேமராவை ஹெல்மெட்டில் வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. துருத்திக்கொண்டு நிற்கும் பொருள் விழும்போது கிளையிலோ கல்லிலோ மாட்டினால் கழுத்தை இழுக்கும். பல பந்தயங்களில் அனுமதியும் கேட்க வேண்டியிருக்கும். நெஞ்சுப் பட்டைதான் நல்லது. கையும் கைப்பிடியும் படத்துக்குள் வருவதால் பாதையின் ஆட்டம் பார்ப்பவருக்குத் தெரியும். ஒரே சிக்கல், ஏற்றத்தில் குனிந்தால் முன் சக்கரம் மட்டும்தான் பதிவாகும். வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைத்து ஏறி உட்கார்ந்து, ஏற்றத்தில் குனிகிற மாதிரியே குனிந்து, கைப்பிடி படத்தின் கீழ்க் கால்பங்கில் வரும்படி கேமராவை மேல்நோக்கித் திருப்பி இறுக்கிவிடுங்கள்.

இரண்டு செட்டிங் மட்டும் சொல்கிறேன். நொடிக்கு 25 ஃப்ரேம் வையுங்கள், 30 வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 30-இல் எடுத்தால் சாயந்திரம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுக் மினுக்கென்று துடிக்கும். இன்னொன்று, சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று செத்துவிடும். கேமரா ஷட்டரை மெதுவாக்கும். அதோடு ஆட்டம் குறைக்கும் வசதியும் சேர்ந்தால் இலையெல்லாம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி கலங்கிப் போகும். சோலைக்குள் நின்று எடுங்கள், அல்லது ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) உச்சவரம்பை ஏற்றி வையுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை, கலங்கியதைச் சரிசெய்யவே முடியாது.

பனிமூட்டத்தில் லென்ஸில் திவலை படியும். மைக்ரோஃபைபர் துணியை ஜிப் கவரில் போட்டு வையுங்கள். குளிரில் இருந்த கேமராவை அப்படியே அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோனால் கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்க்கும். வாசலிலேயே கவருக்குள் போட்டு மூடி, அரை மணி கழித்துத் திறங்கள்.

சத்தத்தைத் தனியாக எடுங்கள். காற்று இரைச்சலால் நெஞ்சுக் கேமராவின் ஒலி பெரும்பாலும் வீண். தினமும் ஐந்து நிமிடம் போனில் ஒலி மட்டும் பதிவு செய்யுங்கள்: மிதிப்பதை நிறுத்தும்போது பின்சக்கரம் போடும் டிக்டிக், செம்மண் சேற்றிலிருந்து டயர் பிய்த்துக்கொண்டு வரும் சத்தம், தேயிலை ஃபேக்டரியின் உறுமல், விடியற்காலையில் புதருக்குள் கத்தும் நீலகிரிச் சிரிப்பான். இவற்றை அடியில் போட்டால் சாதாரணக் காட்சியும் உயிர் பெறும்.

சாயந்திரம் ஒரு வேலை கட்டாயம். குளிப்பதற்கு முன்பு, தினமும் ஒரே இடம், ஒரே உயரத்தில் போனை வைத்து, இருவரும் தனித்தனியாக ஒரே மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இன்று எங்கே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது? ஜோடியிடம் சொல்லாமல் விட்டது என்ன? நாளைக்கு எதற்குப் பயம்? மற்றவர் பதிலை எடிட்டிங் வரை கேட்கக் கூடாது. முதல் நாளைக்கும் நாலாம் நாளைக்கும் முகம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தால் நீங்களே அதிசயப்படுவீர்கள்.

இனி ஓட்டும் பக்கம். பந்தயத்தை முடிக்காவிட்டால் படமும் முடியாது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி சுமார் 1,800 மீட்டரில். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். இரண்டு நாள் முன்பே மேலே வந்துவிடுங்கள். முதல் நாள் ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகவே வேண்டாம். முதல் நாள் கூட்டத்தோடு சேர்ந்து பறந்தவர்கள் மூன்றாம் நாள் காலை படிக்கட்டு இறங்கவே கம்பியைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குளிரில் தாகம் தெரியாது, பசியும் தாமதமாகத்தான் தெரியும். கைக்கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம்தான் இருக்கிறது, மீதியைக் கடலை மிட்டாயும் பாட்டிலில் சர்க்கரைக் கரைசலும் ஈடுகட்டும். ஊட்டி வர்க்கியை ஓட்டும்போது வாயில் போடாதீர்கள், பொடி தொண்டையில் அடைத்து இருமவைக்கும். அதைச் சாயந்திர டீக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் வீட்டிலிருந்தே வரட்டும், நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை.

பிரேக் பேட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ரெசின் பேட் மழைச் சேற்றில் ஒரே நாளில் தேய்ந்து தகடு வரை போய்விடலாம். ஜனவரித் தொடக்கத்திலும் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் சில நாள் எட்டிப் பார்க்கும். மெட்டல் பேட் போடுங்கள். ஆனால் டிஸ்க்கில் ‘ரெசின் ஒன்லி’ என்று பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். புதுப் பேட்டைப் பந்தயத்தன்று போடாதீர்கள், ஒரு வாரம் முன்பே போட்டுப் பழக்கிவிடுங்கள். நீளமான இறக்கத்தில் விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறி பிடிமானம் போகும். வளைவுக்கு முன்பு நன்றாகப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸ்) காய்ந்த இலை மெத்தை மாதிரி கிடக்கும், அதற்கடியில் ஈரம் இருக்கும். அங்கே திருப்பவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம், நேராகக் கடந்துவிடுங்கள். கியர் தொங்கும் ஹேங்கர் உங்கள் சைக்கிளுக்கே உரியதாக ஒன்று உபரியாக இருக்கட்டும். அவசரத்துக்கு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

பேட் வைத்த சைக்கிள் ட்ரவுசர் ஆளுக்கு நாலு வேண்டும். துவைத்தால் இந்தக் குளிரில் காயாது, ஈரத்தோடு போட்டால் இரண்டாம் நாளே தொடை இடுக்கில் புண் வரும். உராயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவீர்கள் என்றால், காலையில் அது பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்திருக்கும், தட்டினாலும் வராது. முந்தின நாளே வாயகன்ற டப்பாவில் எடுத்து வையுங்கள்.

பயிற்சிக்குப் பந்தயப் பாதையைத் தேடிக்கொண்டு காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். அனுமதியில்லாமல் போவது குற்றம். தேயிலைத் தோட்ட ரோடுகளிலும் எஸ்டேட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் கரடி, காட்டுமாடு நடமாட்டம் இருக்கும். காட்டுமாடு பாதையில் நின்றால் படம் எடுக்கும் நேரம் அதுவல்ல, இறங்கி, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். ஜனவரியில் படகர் ஊர்களில் ஹெத்தை பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி நடந்து வருவார்கள். அழகாக இருக்கிறதே என்று கேமராவை நீட்டாமல், ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள்.

ட்ரோன் வேண்டாம். வெலிங்டனில் ராணுவக் கல்லூரியும் பயிற்சி மையமும், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன, சுற்றிலும் காடு. 250 கிராமுக்குள் இருந்தால் எங்கும் பறக்கவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் தடைசெய்யப்பட்ட மண்டலம் சின்ன ட்ரோனுக்கும் தடைசெய்யப்பட்டதுதான். அந்தப் பணத்தில் நல்ல பிரேக் பேடும் இன்னொரு மெமரி கார்டும் வாங்குங்கள்.

அப்பா வரட்டும், அவர் வருவது படத்துக்கு ரொம்ப நல்லது. ஆனால் காரில் பந்தயத்தைத் துரத்த வேண்டாம். ஒற்றை ரோட்டில் கார் நுழைந்தால் ஓட்டுபவர்களுக்கு இடைஞ்சல், அவருக்கும் எதுவும் கிடைக்காது. ஒரு நாளைக்கு ஒரே இடம். ஏற்றம் முடிகிற திருப்பமாகப் பார்த்து ஒரு மணி நேரம் முன்பே போய், போனைக் கல்மேல் சாய்த்து வைத்துக் காத்திருக்கட்டும். நீங்கள் வருவதற்கு முன்பு பத்து நொடி, போன பிறகு பத்து நொடி வெறும் பாதையும் பதிவாகட்டும். போனைத் திருப்பி உங்களைத் தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராத்திரி அன்றைய கார்டை லேப்டாப்பில் ஒரு பிரதி, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுப்பதும் அவர் பொறுப்பாக இருக்கட்டும், நீங்கள் இருவரும் ஒன்பது மணிக்குத் தூங்க வேண்டும். நாலாம் நாள் சாயந்திரம் அந்த மூன்று கேள்வியை அவரிடமும் கேளுங்கள்.