மூலம் எது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

1748இல் புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை முதன்மை ஆதாரமாகக் காட்டியிருந்தேன். நெறியாளர் "மூலத்தைப் பார்த்தாயா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாட்குறிப்பே முதன்மை ஆதாரம்தானே? வேறு எங்கே தேடுவது?

ம.

அன்புள்ள ம.,

நெறியாளர் கேட்டது சரிதான். பிள்ளை தமிழில் எழுதியவர், அதுவும் தன் காலத்துப் பேச்சுநடையில். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கிலம் பெரிய உழைப்பு, ஒரு பெயரையோ தேதியையோ தேட நானும் முதலில் அதைத்தான் எடுக்கிறேன், ஆனால் அவருடைய ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டுவதென்றால் தமிழ்ப் பதிப்பில் அந்தப் பக்கத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அதே ஆங்கிலப் பதிப்பின் முன்னுரை, 'அப்போது புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயை ஆங்கில அதிகாரிகள் எப்படிப் பார்த்தார்கள்' என்ற ஆய்வுக்கு முதன்மை ஆதாரம் ஆகிவிடும். நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்துத்தான் எது முதன்மை, எது இரண்டாம் நிலை என்பது.

இன்னொன்று, முதன்மை ஆதாரம் என்பதாலேயே பிள்ளை எழுதியதெல்லாம் நேர்சாட்சி ஆகிவிடாது. எதைக் கண்ணால் கண்டார், எதை ஆள் வந்து சொல்லக் கேட்டு எழுதினார் என்று வரிவரியாகப் பிரித்துப் பாருங்கள். அவர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் முகவரும், டூப்ளேயின் மனைவிமேல் அவருக்கு இருந்த கசப்பு பல பக்கங்களில் தெரியும், கோயில் விஷயத்தில் அந்த அம்மாள்மேல் அவர் பழி சொல்லும் இடங்களை அதை மனத்தில் வைத்துத்தான் படிக்கவேண்டும். கோயிலை இடிக்கச் சொல்லிவந்த எதிர்த்தரப்பான யேசு சபைப் பாதிரிமாரின் கடிதங்களையும் தேடுங்கள்.

ஆங்கிலேயர் அப்போது புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார்கள், அதனால் அவர்கள் பக்கத்து ஆவணங்களும் வேண்டும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். தேதியில் மட்டும் கவனம். ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், அவர்களுடைய ஆகஸ்டு 27 பிரெஞ்சுக்காரருக்குச் செப்டம்பர் 7. பிள்ளை தமிழ் வருஷம், மாதமும் எழுதுவார், உங்களுக்கு வேண்டியது விபவ வருஷம் (1748–49). பிரெஞ்சு நிர்வாகத்தின் காகிதங்கள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், அங்கே போய் வந்தவர்களின் புத்தகங்களில் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள். இரண்டாம் நிலை நூல்கள் எனக்கு அதிகம் உதவியது இப்படித்தான்.

விபவ ஆவணிப் பக்கங்களைத் தமிழில் படித்தபின் அந்த அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புங்கள், வாசிக்கிறேன்.