பூனைக்குப் போன கும்பளா

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பரமக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன். போன ஞாயிறு குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும்போது பாம்பனில் இரண்டு கிலோ கும்பளா வாங்கினோம். வீட்டில் என் மனைவி செவுளைப் பிடுங்கும்போது உள்ளேயிருந்து வெள்ளையாக, விரல் நுனி அளவில், நிறையக் கால்களோடு ஒரு பூச்சி விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார்கள். இன்னும் மூன்று மீனில் அதே பூச்சி. மொத்த மீனையும் பூனைக்குப் போட்டுவிட்டோம். விற்ற அம்மா ஏமாற்றிவிட்டதாக மனைவிக்கு இன்னும் கோபம்.

அது ஒட்டுண்ணி என்று பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் சொன்னான். அதிலிருந்து ஒரே யோசனை. உழைக்காமல் அடுத்தவன் உடம்பில் உட்கார்ந்து தின்னும் ஜந்துவை இயற்கை ஏன் விட்டுவைத்திருக்கிறது? (எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நினைவுக்கு வந்தார், பெயர் வேண்டாம்.) காலப்போக்கில் ஒட்டுண்ணியும் அது தங்கும் உயிரும் சமாதானமாகிவிடும் என்றும் எங்கோ படித்தேன். சரிதானா? அந்த மீனைச் சாப்பிட்டிருக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் வாசகன்,
பரமக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

மீன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விற்ற அம்மா உங்களை ஏமாற்றவில்லை. அந்தப் பூச்சி செவுள் மூடிக்கு உள்ளே இருப்பது, திறந்து பார்க்காமல் அவருக்கும் தெரியாது. மீன் கெட்டதால் வந்ததும் இல்லை, கடலிலேயே மீனோடு குடியிருந்தது. மனித உடம்பில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. செவுளோடு சேர்த்து எறிந்துவிட்டு, கழுவிக் குழம்பு வைத்திருக்கலாம். மனிதருக்குத் தொந்தரவு கொடுக்கிற புழுக்களும் சில கடல்மீன்களில் உண்டுதான். ஆனால் அது மீனைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடுகிற ஊர்களின் கவலை. புளியைக் கரைத்து ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிடும் நம் சட்டியில் அவை பிழைக்காது.

இரண்டு கிலோ கும்பளா! பூனை கொடுத்துவைத்தது.

நீங்கள் பார்த்தது அநேகமாக நோரிலேக்கா இண்டிகா. கும்பளாவின் செவுளுக்குள் நம் கடலில் அடிக்கடி அகப்படுவது அந்த இனம்தான். இறால், நண்டு வகையறா. பாம்பன் பாறைகளில் ஆள் காலடி பட்டதும் சிதறி ஓடுகிற பூச்சிகள் உண்டே, அவற்றுக்குப் பங்காளி முறை. ஏலம் முடிந்த கூடைகளில் மீனின் செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பது எனக்குப் பழைய பழக்கம். உள்ளே இருந்தால் முதலில் தெரிவது இரண்டு கறுப்புப் புள்ளிகள், அதன் கண்கள். உடம்பு பாலாடை நிறம். நேராக இருக்காது, ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அறை எந்த வாட்டத்தில் இருக்கிறதோ அந்த வாட்டத்துக்கு ஆள் வளர்ந்திருக்கிறது. ஏழு ஜோடிக் கால், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. பிடுங்கினால் செவுளில் நாலு இழையைச் சேர்த்துக்கொண்டுதான் வரும். அது உட்கார்ந்திருந்த இடத்தில் செவுள் வெளிறி, நசுங்கி, தேய்ந்திருக்கும்.

வயிற்றுப் பக்கம் ஒரு பை இருக்கும். குஞ்சுகள் அதற்குள்தான் வளர்கின்றன. வெளியே வந்த குஞ்சு நீந்திப் போய் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும், கையிருப்புச் சத்து தீர்வதற்குள். பிடித்தால் முதலில் ஆணாகிறது. அந்த மீனில் பெண் இல்லையென்றால் அதுவே வளர்ந்து பெண்ணாக மாறிவிடும். அடுத்து வருவது ஆணாகவே நின்றுகொள்ளும். அதாவது முதலில் குடிவந்தவர் அம்மா, பின்னால் வந்தவர் அப்பா. பசிபிக் கடலின் கிழக்குக் கரையில் சைமோதோவா எக்சிகுவா என்று இதற்கு ஒரு உறவு உண்டு. அது மீனின் நாக்கில் பற்றி, இரத்தம் ஓடவிடாமல் செய்து, நாக்கு சூம்பியதும் அந்த இடத்தில் தானே நாக்காக உட்கார்ந்துகொள்கிறது. மீனும் அதை வைத்தே இரை தின்கிறது.

உழைக்காத ஜந்து என்றீர்களே. நடுக்கடலில் ஓடுகிற கும்பளாக் கூட்டத்தில் ஒரு மீனை, அதிலும் செவுள் வாசலை, கடுகளவு குஞ்சு தேடிப் பிடிப்பதை யோசித்துப் பாருங்கள். பிடிக்காதவை அத்தனையும் செத்தன. நாம் பார்ப்பது ஜெயித்ததை மட்டும்தான், அதனால் நோகாமல் உட்கார்ந்திருப்பதாகத் தெரிகிறது. உங்கள் அலுவலக நண்பர் இந்தத் தேர்வில் தேறுவாரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் இந்தப் பூச்சி சாதுதான். நான் பார்த்ததிலேயே கில்லாடி நண்டில் இருப்பது.

சின்ன வயதில் விடுமுறைக்கு மண்டபத்தில் சின்னம்மா வீட்டில் இருப்பேன். விடியற்காலையில் கரைக்கு வரும் நண்டு வலையில் நண்டு கழற்ற அவரோடு உட்காருவேன். நீலக்கால் நண்டில் ஆண் பெண் கண்டுபிடிப்பது சுலபம். திருப்பிப் போட்டால் வயிற்று மடிப்பு கூராக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். சினை பிடித்தது என்றால் அந்த மடிப்புக்கு அடியில் மஞ்சளாக முட்டை தள்ளிக்கொண்டு நிற்கும். ஒருநாள் ஒன்றைக் காட்டி, "சின்னம்மா, சினை நண்டு" என்றேன். அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "சினைன்னா மணல் மாதிரி உதிரும்டா. இது வழவழன்னு ஒரே பை. இது வளராது, தூக்கி எறி" என்றார். அதன் ஓடு பழசாகி, மேலே சிப்பி போல வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. சட்டை உரிக்கிற நண்டுக்கு அப்படிச் சேராது.

சின்னம்மா விரலால் கண்டதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் புத்தகத்தில் படித்தேன். அது சாக்குலினா வகை ஒட்டுண்ணி. பாலத்தூணிலும் படகின் அடியிலும் கெட்டியாக ஒட்டிக் காலைக் கீறுகிறதே பார்னக்கிள், அந்தக் குடும்பத்துப் பிள்ளை. வளர்ந்ததைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கால் இல்லை, ஓடு இல்லை, குடல்கூட இல்லை. அயர்லாந்தில் இராணுவ மருத்துவராக இருந்த ஜான் வான் தாம்சன் 1836இல் அதன் குஞ்சைப் பார்த்துத்தான் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். குஞ்சு அச்சு அசல் பார்னக்கிள் குஞ்சு. என் நண்டின் ஓட்டுமேல் ஒட்டியிருந்ததும் பார்னக்கிள்தான் என்பதால், வெளியே பங்காளி, உள்ளே பங்காளி.

பெண் குஞ்சு நண்டின்மேல் ஒட்டி, ஊசி போடுவது மாதிரி தன் உயிரணுக்களில் கொஞ்சத்தை மட்டும் உள்ளே செலுத்துகிறது. மிச்ச உடம்பு வெளியே உதிர்ந்துவிடும். உள்ளே போனது ஆலம்வேர் சுவருக்குள் ஓடுவதுபோல நண்டின் உடம்பு முழுக்க வேர் விட்டு, சத்தை உறிஞ்சி, பிறகு நண்டு முட்டை வைக்கும் அதே இடத்தில் ஒரு பையாக வெளியே வருகிறது. பை வந்தபின் நண்டு பெரும்பாலும் சட்டை உரிப்பதில்லை, இனம் பெருக்குவதும் இல்லை. தன் சினை என்று நினைத்து அந்தப் பையைத் துடைத்துச் சுத்தம் செய்கிறது. குஞ்சு வெளியேறும் நேரத்தில் வயிற்றை ஆட்டி அவற்றைத் தண்ணீரில் விடுகிறது. ஆண் நண்டாக இருந்தாலும் இதே கதைதான். அதன் கூரான மடிப்பு அகலமாகி, வாழ்நாளில் சினை பிடிக்காத உயிர் தாய் வேலை பார்க்கிறது.

கொல்லவில்லை, கவனியுங்கள். நண்டு பல காலம் உயிரோடிருக்கும். பிள்ளை பெறுவதற்குச் செலவாகும் சத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வீடும் இடியாது, சாப்பாடும் தீராது. பரிணாமக் கணக்கில் மட்டும் அந்த நண்டு செத்துப்போனது. கணக்கு எழுதுகிறவருக்கு இது புரியும்: கடை திறந்திருக்கிறது, வரவு வேறு பெயரில் போகிறது.

இதைச் சமாதானம் என்று சொல்வீர்களா? நீங்கள் படித்த அந்தக் கருத்து ரொம்ப நாள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஆஸ்திரேலியாவில் ஒரு சந்தர்ப்பம் வந்தது. முயல் தொல்லை தாங்காமல் 1950இல் மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். முதலில் தொற்றிய முயல்களில் 100க்கு 99க்கு மேல் செத்தன. சில வருடத்தில் அதைவிடக் கொஞ்சம் மென்மையான வகைகள் மேலோங்கின, முயல்களிடமும் எதிர்ப்பு கூடியது. இதுவரை கதை உங்கள் பக்கம். ஆனால் அந்த மென்மையான வகைகளே சாதாரண முயல்களில் பாதிக்கு மேல் கொல்பவை, சாதுவாகிவிடவில்லை. கொசு கடித்துத்தான் இது பரவுகிறது. முயல் சீக்கிரம் செத்தால் கொசுவுக்கு நேரமில்லை, சீக்கிரம் தேறினாலும் பரவ வழியில்லை. எந்த அளவு கொடுமை அதிகம் பரப்புகிறதோ அங்கே போய் நின்றது. நல்லெண்ணத்துக்கு அதில் இடமே இல்லை.

ஓம்புயிரி, அதாவது ஒட்டுண்ணி தங்கும் உயிர், சாக வேண்டும் என்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒட்டுண்ணிகளும் உண்டு. அதற்கு நம் கடலிலிருந்தே ஒரு கதை, முத்து.

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகும் என்பது பாட்டி கதை. மணல் துகள் என்பது பள்ளிக்கூடக் கதை. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் முத்துக்குளிப்பு பொய்த்துக்கொண்டே வந்ததால் 1902இல் லிவர்பூலிலிருந்து வில்லியம் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை வரவழைத்தார்கள். துணைக்கு ஜேம்ஸ் ஹார்னெல். அவர்களுடைய அறிக்கை ஐந்து தொகுதியாக வந்தது. சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கு நாம் சொல்லும் 'பார்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே எழுதியிருப்பார்கள், அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். சிப்பிகளை அறுத்துப் பார்த்ததில் உள்ளே நுண்ணிய நாடாப்புழுக் குஞ்சுகள். வளர்ந்த புழு வாழ்வது திருக்கையின் குடலில். திருக்கை சிப்பியை ஓட்டோடு நொறுக்கித் தின்னும்போதுதான் குஞ்சு ஊர் போய்ச் சேரும். அப்படிப் போக முடியாமல் சிப்பிக்குள்ளேயே செத்த புழுவைச் சுற்றிச் சிப்பி பூசிய பூச்சுதான் நல்ல முத்து என்றார் ஹெர்ட்மன்.

அவர் சொன்னது முழுக்க நிற்கவில்லை. 1912இல் லிஸ்டர் ஜேம்சன் என்பவர் அதே மாதிரி முத்துகளை ஆராய்ந்து, நடுவில் புழு இருப்பதாகச் சொல்வதற்கு ஆதாரம் போதாது என்று மறுத்தார். முத்து பிறக்க வேண்டியது சிப்பியின் மேலுறைத் தோலிலிருந்து சில உயிரணுக்கள் இடம் மாறி உள்ளே போவதுதான் என்பது இன்றைய நிலை. புழு துளைத்தும் போகலாம், காயத்தாலும் போகலாம். தூத்துக்குடியில் 1973இல் அழகர்சாமி இந்தியாவில் முதன்முதலாக உருண்டை முத்தை வளர்த்தெடுத்தபோது செய்ததும் இதுதான்: ஒரு மணியையும் மேலுறைத் துண்டையும் சிப்பிக்குள் வைத்தார்கள். மணல் கதையைவிடப் புழுக் கதை உண்மைக்குக் கிட்டே என்பது என் கட்சி.

சிப்பியை விடுங்கள், திருக்கையைப் பாருங்கள். அந்தப் புழுவுக்குச் சிப்பியும் வேண்டும், திருக்கையும் வேண்டும். கடலிலிருந்து திருக்கையை எடுத்துவிட்டால் புழுவின் வம்சம் அத்தோடு சரி. ஒட்டுண்ணி இருக்கிறது என்றால் அதற்கு வேண்டிய எல்லாரும் ஊரில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கலிபோர்னியாவில் கார்ப்பின்டீரியா என்ற உப்புச் சதுப்பில் இதை அழகாகக் காட்டினார்கள். அங்கே ஒரு தட்டைப்புழு நத்தையில் வளர்ந்து, சின்ன மீனின் மூளைமேல் போய்த் தங்கி, அதைத் தண்ணீரில் நெளிந்து மினுங்க வைக்கிறது. அப்படிப்பட்ட மீன்களைப் பறவைகள் 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பிடித்ததாக லாஃபர்ட்டியும் மாரிஸும் 1996இல் எழுதினார்கள். பறவை எச்சத்தில் முட்டை, மறுபடி நத்தை. பிற்பாடு அந்தச் சதுப்பில் கெட்டுக் கிடந்த பகுதியைச் சீர்செய்தபோது, அங்கிருந்த நத்தைகளில் புழுக்கள் கூடின. யாரும் கொண்டுவந்து விடவில்லை. பறவைகள் திரும்பி வந்தன, அவ்வளவுதான்.

காரங்காட்டு அலையாத்திக் காட்டிலும் தனுஷ்கோடி பூநாரைகள் நிற்கிற சேற்றிலும் நத்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் எனக்கு ஓடும். பறவை கணக்கெடுக்க ஆட்கள் வருகிறார்கள், தொலைநோக்கியோடு. நத்தையை உடைத்துப் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. இயற்கை ஏன் விட்டுவைத்திருக்கிறது என்று கேட்டீர்கள். விட்டுவைக்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வாழ ஒரு இடம் இருந்தால் ஏதோ ஒன்று அங்கே போய் வாழும். செவுளும் ஒரு இடம்தான்.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை. அடுத்த முறை பாம்பனில் கும்பளா வாங்கினால், அம்மா கத்துவதற்கு முன்னால் அவன் செவுள் மூடியைத் திறந்து பார்க்கட்டும். பெரிய பூச்சி ஒன்று இருந்தால் அதன் பக்கத்திலோ எதிர்ச் செவுளிலோ சின்னது ஒன்று இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இருந்தால் எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்பட்டும். மீனைக் குழம்பு வையுங்கள்.

அன்புடன்.