கண்டிஷன் கையெழுத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஓட்டேரியில் இருபது வருடமாக ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். வட சென்னைப் பையன்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மூன்று பைக்கில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். யாரையோ தேடி வந்திருக்கிறார்கள். ஆள் இல்லை என்றதும் தெருவில் நின்ற ஆட்டோவின் கண்ணாடியை உடைத்துவிட்டு, என் கடை ஷட்டரில் பட்டாக்கத்தியால் இரண்டு வெட்டு போட்டுவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் பக்கத்துத் தெருப் பையன். பதினாறு வயது இருக்கும். பத்தாவது வரை என் கடையில்தான் நோட்டு வாங்கினான்.

நீங்கள் வறுமை, சமூகம் என்று எழுதுகிறீர்கள். நானும் குடிசையில் பிறந்தவன்தான் சார், நான் கத்தி எடுக்கவில்லையே? கஞ்சா, மாத்திரை, சினிமா, இந்த மூன்றும்தான் இவர்களைக் கெடுக்கிறது. நாலு பேரைச் சுட்டால் நாற்பது பேர் அடங்குவார்கள். இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். சரி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பையன் மேல் நான் புகார் கொடுக்கட்டுமா, வேண்டாமா? கொடுத்தால் அவன் வாழ்க்கை போச்சு என்கிறாள் என் மனைவி. கொடுக்காவிட்டால் என் கடை போச்சு.

(பெயர் வேண்டாம்)
ஓட்டேரி

அன்புள்ள ஐயா,

புகார் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லாமே அதற்குள்தான் போய் முட்டுகிறது என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘நானும் குடிசையில் பிறந்தவன்தான், நான் கத்தி எடுக்கவில்லையே’ என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வறுமைதான் காரணம் என்றால் வியாசர்பாடியில் வீட்டுக்கு ஒரு ரவுடி இருக்க வேண்டும், இல்லையே. அதே பத்துக்குப் பத்து வீட்டில், அதே அப்பாவின் குடியைப் பார்த்து வளர்ந்த அக்கா காலையில் டிபன் பாக்ஸோடு தி.நகர் துணிக்கடைக்குக் கிளம்பிவிடுகிறாள், தம்பிதான் முட்டுச்சந்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்தத் தம்பிகளிலும் முக்கால்வாசிப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வாய்ச்சவடால், பிறந்தநாளுக்கு பைக் ஊர்வலம், ரீல்ஸ். கத்தி வரைக்கும் போகிறவன் ஒரு ஏரியாவுக்கு வெகு சிலர். வேறு ஊர்களிலும் இப்படித்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1990களின் நடுவில் கணக்கெடுத்தபோது, கும்பல்களில் இருந்தவர்கள் சுமார் 1,300 பேர், அந்த ஊர் இளைஞர்களில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. ஆனால் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் அவர்கள் கணக்கில்தான் இருந்தது. ஆகவே ‘வட சென்னைப் பையன்கள்’ என்று மொத்தமாகப் பேசுவதை நிறுத்த வேண்டும். திட்டுகிறவர்களுக்கும் சரி, அனுதாபப்படுகிறவர்களுக்கும் சரி, அது சோம்பேறித்தனம். 2024 அக்டோபரில் சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்டு ஒரு கல்லூரி மாணவர் இறந்துபோனாரே, அந்த ‘ரூட்டு தல’ (பஸ், ரயில் மார்க்கத்துக்கு ஒரு மாணவர் தலைவன்) சண்டைகளில் இருப்பவர்களில் நிறையப் பேர் திருத்தணி, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலில் வருகிற, டிகிரி படிக்கிற பிள்ளைகள். அவர்களை எந்தச் சேரிக் கணக்கில் சேர்ப்பது?

பெரம்பூர் பின்னி துணி மில்லை மூடியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மில் இருந்தபோது அப்பா பிள்ளையை உள்ளே சேர்த்துவிடுவார், பதினெட்டு வயதுப் பையன் நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் நடுவில் நின்று ஷிப்டு பார்த்தான், அவன் திமிரை அடக்க அங்கே ஆள் இருந்தது, சங்கமும் இருந்தது (1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மண்ணில் பிறந்ததுதான்). 1996இல் மில் மூடியது. இன்று கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை, கேட்டரிங், பந்தல், டெலிவரி என்று அலைகிற பையனைச் சுற்றி அவன் வயதுப் பையன்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். ஆனால் மில் காலத்தை ஏதோ பொற்காலமாக நினைத்துவிட வேண்டாம். 1921 வேலைநிறுத்தத்தின்போது இதே புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது.

மாத்திரை விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கஞ்சாவைவிட மோசம் அதுதான். வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறவனுக்கு வலியும் தெரிவதில்லை பயமும் தெரிவதில்லை, ஒரு அறையோடு நிற்க வேண்டிய கை நிற்பதில்லை. ஆனால் யாரை அடிப்பது என்பது மாத்திரை போடுவதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது. சினிமாவைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, முடி வெட்டும் விதத்தையும் பேசும் விதத்தையும் அது கொடுக்கிறது, பகையைக் கொடுப்பதில்லை.

பகை எங்கிருந்து வருகிறது என்றால், முதல் கேஸிலிருந்து. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பத்தொன்பது வயது, கோயில் திருவிழாவில் அடிதடி, எதிராளிக்குத் தலையில் தையல். புழல் சிறைக்குப் போகிறான். எந்த ஏரியா என்று கேட்டுத்தான் உள்ளே யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே தீர்மானமாகிறது. பிறகு ஜாமீன் கிடைக்கிறது, நிபந்தனையோடு: மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. எங்கள் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை இருக்கிறது. பத்தேகால் மணிக்குப் போனால் கண்டிஷன் கையெழுத்துக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் நிற்பார்கள். டீ சொல்லமாட்டார்கள். தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பைக் ஒன்று வேகமாக வந்து பிரேக் போட்டால் மொத்தப் பேரும் சுவரோரம் ஒதுங்குவார்கள். ஒருத்தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவான். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் கை வைக்கமாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. உள்ளே ரைட்டர் வந்து, நோட்டைத் தேடி எடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பப் பதினொன்றரை ஆகிவிடும்.

தினமும் பன்னிரண்டு மணிக்கு வேலைக்கு வருகிறேன் என்கிறவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? நீங்கள் வைத்துக்கொள்வீர்களா? அதைவிடப் பெரிய விஷயம், இன்ன நாள், இன்ன நேரம், இன்ன தெருவில் இவன் இருப்பான் என்று எதிராளிக்கு நீதிமன்ற உத்தரவே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ‘கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியவர் வெட்டிக் கொலை’ என்ற செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்திருக்கிறோம். அதனால் அவன் துணைக்கு நாலு பேரைக் கூட்டி வருகிறான். துணைக்கு வருகிறவன் வெறும் கையோடு வருவதில்லை. வழியில் வண்டியைச் சோதனை போட்டால் அதுதான் இரண்டாவது கேஸ். இப்போது அந்த நாலு பேருக்கும் அது முதல் கேஸ்.

செத்தவன் தரப்பில் இன்னொன்று நடக்கும். முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி போஸ்டர். நடுவில் அவன் போட்டோ, கூலிங் கிளாஸோடு, கீழே முப்பது பையன்களின் பெயரும் போட்டோவும். பழி வாங்குவதாக இருந்தால் அந்தத் தேதிக்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இது தெருவுக்கே தெரியும், போலீஸுக்கும் தெரியும், அந்த வாரம் ரோந்து வண்டியை நிறுத்தி வைப்பார்கள். தேதி தெரிகிறது, இடம் தெரிகிறது, பெயரை அவர்களே அச்சடித்து ஒட்டுகிறார்கள். இவ்வளவு முன்கூட்டியே தெரிகிற ஒரு விஷயத்தில் நாம் ஏன் சமூகச் சீரழிவு, தலைமுறையே கெட்டுவிட்டது என்று வானத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியாதது.

என்கவுண்டருக்கு வருகிறேன். 2024 ஜூலை 5ஆம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கடுத்த மூன்று மாதங்களுக்குள் சென்னையில் மூன்று பேர் என்கவுண்டரில் சுடப்பட்டார்கள். மூன்று பேருமே முப்பதைத் தாண்டியவர்கள். உங்கள் ஷட்டரை வெட்டியவனுக்குப் பதினாறு. நீங்கள் சொல்லும் நாற்பது பேர் அடங்கவேண்டியதுதானே? சட்டத்துக்கு வெளியே யாரையும் சுடக்கூடாது என்பது என் நிலை, அதை மறைக்கவில்லை, ஆனால் அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் அது இந்த வயதுக்காரர்களிடம் வேலை செய்யவில்லை. பிடிபட்டவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் சொல்லி மாவுக்கட்டோடு ஒரு போட்டோ வரும், நாம் சிரித்துக்கொண்டே ஷேர் செய்வோம், அவன் கூட்டாளி அதே போட்டோவைக் கெத்தாக ஸ்டேட்டஸில் வைப்பான். குண்டர் சட்டம் 1982இலிருந்து இருக்கிறது. ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். அந்த உத்தரவுகளில் ஏராளமானவை நடைமுறைக் கோளாறால் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, போனவன் இன்னும் பெரிய ஆளாகத் திரும்பி வருகிறான்.

பாஸ்டனில் 1996இல் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது உங்கள் பக்கமும் இல்லை அனுதாபப்படுகிற என் நண்பர்கள் பக்கமும் இல்லை. கும்பல் பையன்களை நேரில் கூப்பிட்டு, போலீஸும் சமூக ஊழியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, இனி ஒரு கொலை விழுந்தால் கும்பல் மொத்தத்தையும் பிடிப்போம், விலக நினைக்கிறவனுக்கு இதோ வேலை, இதோ உதவி என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்தன. அதில் எவ்வளவு இந்தத் திட்டத்தால் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அது இருக்கட்டும். சிகாகோவில் குலுக்கல் முறையில் பள்ளி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். வேலை கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானது 43 சதவீதம் குறைவு. அந்தக் குறைவு பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு வந்தது, அதாவது பையனை எட்டு வாரம் தெருவிலிருந்து அப்புறப்படுத்தி வைத்ததால் மட்டும் வந்தது இல்லை.

இங்கேயும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். முதல் முறை சிறைக்கு வரும் 18 முதல் 24 வயதுக்காரர்களுக்காக ‘பறவை’ என்று ஒரு திட்டம் இருக்கிறது, சரியான வயது, சரியான இடம். 2024இல் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டம் இருக்கிறது, பாலமும் பள்ளியும் நல்லதுதான், அதில் வரும் வேலைக்குக் கேஸ் உள்ளவனைச் சேர்ப்பார்களா என்பதுதான் என் கேள்வி. அரசே சேர்க்காது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானவனையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதச் சொல்கிறது நம் காவலர் தேர்வு விதி. மைதானம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. வியாசர்பாடியின் இளவழகி 2008இல் கேரம் உலக சாம்பியன் ஆனார், 2024இல் புதுவண்ணாரப்பேட்டைக் காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார், எனக்கும் பெருமைதான். ஆனால் காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஃபுட்பால் ஆட வருகிறவன் ஏற்கெனவே பாதி தப்பித்தவன். கண்டிஷன் கையெழுத்துக்கு நிற்பவனை எந்தக் கோச்சும் கூப்பிடுவதில்லை.

செலவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். கையெழுத்தைத் தகராறு நடந்த ஏரியாவிலேயே போடச் சொல்லாமல் நகரத்தின் வேறொரு மூலையில், வேலைக்குப் போய்விட்டு வரும் நேரத்தில் வைக்கலாம். வேறு ஊரில் தங்கிக் கையெழுத்துப் போடச் சொல்லி நீதிமன்றங்கள் சில வழக்குகளில் உத்தரவு போடத்தான் செய்கின்றன, வக்கீல்கள் கேட்டால் போதும். இன்னொன்று, ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வெட்டுப்பட்டவன் அவசரப் பிரிவுக்குள் போன இரவில் வாசலில் கூட்டாளிகள் பத்துப் பேர் கூடி நிற்பார்கள். பதிலடி அங்கேதான் பேசப்படுகிறது. போலீஸ் உள்ளே வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருக்கும், வெளியே நிற்கும் அந்தப் பத்துப் பேரிடம் பேச ஒரு ஆள் கிடையாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலேயே, வன்முறையில் காயப்பட்டு வருகிறவர்களிடம் பேசவென்று ஆள் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பேசுகிற வேலையை இப்போதைக்குக் கட்சியின் வட்டச் செயலாளர்தான் செய்கிறார், பேசியும் முடிப்பார், அடுத்த கூட்டத்துக்குக் கொடி கட்ட அதே பையன்களைத்தான் கேட்பார்.

இப்போது உங்கள் ஷட்டர். புகார் கொடுங்கள். அந்தப் பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின்படி அவன் போக வேண்டியது கெல்லீஸில் இருக்கும் சிறார் நீதிக் குழுமத்துக்கு. கொடுங்குற்றம் இல்லாத வழக்கில் சிறுவன் மேல் எஃப்ஐஆரே போடக்கூடாது, ஸ்டேஷன் நாட்குறிப்பில் எழுதிக் குடும்ப நிலவரத்தோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது விதி. கூட வந்தவர்களில் பதினெட்டு தாண்டியவன் இருந்தால் எஃப்ஐஆர் வரும், அப்போதும் இவனுக்குக் குழுமம்தான். இதனால் பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதி இழப்பு கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் வீட்டம்மா பயப்படுவது இரண்டு வருடம் கழித்து அவன் வேறு எதிலாவது மாட்டினால் நடக்கப்போவதைப் பற்றி. இப்போது இல்லை.

போவதற்கு முன்னால் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளிக்கூடச் சான்றிதழையோ பத்தாவது மார்க் ஷீட்டையோ கையில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வயதுக்கு அதுதான் முதல் ஆதாரம், அது இல்லையென்றால் மீசையைப் பார்த்து வயது எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புகாரில் ஷட்டர், ஆட்டோ, கத்தி, நேரம், இவை போதும். கொலை மிரட்டல் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் சார், கேஸ் ஸ்ட்ராங்காக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். நடக்காததை எழுதாதீர்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு வாரம் ஏன் தாமதம் என்று கேட்டால் பயமாக இருந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அன்புடன்.