கீப்அவுட்: கோடு வந்தது, தடை வரவில்லை

கேள்வி: மெக்கானிக்கல் டீம் கீப்அவுட் பகுதிகளை, அதாவது சர்க்யூட் போர்டில் தடை உள்ள இடங்களை, டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பில் வரைந்து அனுப்பினார்கள். நானும் இறக்கினேன். ஆனாலும் ஒரு கெப்பாசிட்டர் பெட்டியின் மூடியில் இடிக்கிறது. எங்கே தப்பு?

டிஎக்ஸ்எஃப்-இல் வருவது வெறும் கோடுதான். அது தடையா, போர்டின் விளிம்பா, யாரோ போட்ட குறிப்பா என்று போர்டை வரையும் உங்கள் பிசிபி மென்பொருளுக்குத் தெரியாது, நீங்கள்தான் அதைத் தேர்ந்தெடுத்துக் கீப்அவுட்டாக மாற்ற வேண்டும். ஸ்டெப் என்ற முப்பரிமாணக் கோப்பும் அப்படித்தான், வடிவம் வரும், விதி வராது. முடிந்தால் ஐடிஎஃப் 3.0 கேளுங்கள், மெக்கானிக்கல் மென்பொருளுக்கும் பிசிபி மென்பொருளுக்கும் இடையே போர்டு விவரத்தைக் கொண்டுபோகும் கோப்பு அது. பழைய ஃபார்மட்தான், ஆனால் காம்போனென்ட், டிரேஸ் (செப்புக் கோடு), வயா (லேயர்களை இணைக்கும் துளை) மூன்றுக்கும் அதில் தனித்தனி கீப்அவுட் உண்டு.

உங்களைக் கவிழ்த்தது அநேகமாக உயரம். காம்போனென்ட் கீப்அவுட்டில் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்பதோடு ஓர் உயரமும் எழுத வேண்டும், அதைவிட உயரமானது அங்கே வரக்கூடாது என்று பொருள். பூஜ்யம் போட்டால் எதுவுமே வைக்க முடியாது. போர்டிலிருந்து மூடி 6 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றால் 6 என்றே எழுதிவிடாதீர்கள், சாலிடர், மூடியின் வளைவு, டாலரன்ஸ் எல்லாம் கழித்து 5.5 என்பது போல எழுதுங்கள். அப்புறம், மென்பொருளின் காம்போனென்ட் லைப்ரரியில் அந்தக் கெப்பாசிட்டருக்கு உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது காலியாக இருந்தால் கீப்அவுட் எவ்வளவு சரியாக இருந்தாலும் மென்பொருள் செய்யும் சோதனை பேசாமல் பாஸ் ஆகிவிடும், இதில் நானே மாட்டியிருக்கிறேன்.

ஸ்க்ரூ ஓட்டைகளில் வேறு கதை. காம்போனென்ட்டை மட்டும் தடுத்தால் வாஷருக்கு அடியில் டிரேஸ் ஓடும், இறுக்கும்போது அதன் மேல் பூச்சான சாலிடர் மாஸ்க் தேய்ந்து ஷார்ட் ஆகும். 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கான எம்3 வாஷர் 7 மி.மீ. அகலம், அதனால் 8 மி.மீ. வட்டத்தில் டிரேஸ், வயா இரண்டையும் தடுங்கள். டிரேஸ் தடையை வெளி லேயர்களுக்கு மட்டும் வைத்தால் போதும், உள் லேயரையும் சேர்த்து அடைத்தால் வீணாக இடம் போகும்.

யாருடைய கீப்அவுட் என்பதையும் ஐடிஎஃப்-இல் குறிக்கலாம். மெக்கானிக்கல் டீமுடையது என்று போட்டால் அதை நீங்கள் நகர்த்தக் கூடாது. மென்பொருள் இதை மதிக்கும் என்று நம்பிவிடாமல் போனில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஐடிஎஃப்-இன் போர்டு கோப்பான இஎம்என் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எழுத்துதான், காம்போனென்ட் கீப்அவுட் பகுதியின் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே பக்கமும் உயரமும் இருக்கும்.