இஎஸ்பி32 போர்டில் அப்லோட் 100% முடிகிறது, ஆனால் புரோகிராம் ஓடவில்லை. போர்டு போய்விட்டதா?

நீங்கள் சொன்ன விவரம் இது: இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறிய கண்ட்ரோலர் சிப்) டெவ் போர்டு, ஜிபிஐஓ 12-ல் (போர்டின் 12-ஆம் எண் இன்புட்/அவுட்புட் பின்) ரிலே மாட்யூல் (மின்சார சுவிட்ச்), ஐ2சி இணைப்பில் ஒரு ஓஎல்இடி திரை. வயர் எதுவும் மாட்டாமல் அப்லோட் செய்தால் 100% முடிகிறது. வயர்களை மாட்டி 5 வோல்ட் அடாப்டரில் போட்டால் பவர் எல்இடி மட்டும் எரிகிறது. புரோகிராம் கோடை மூன்று முறை மாற்றி எழுதியும் பலன் இல்லை.

போர்டு போகவில்லை. அப்லோட் முழுதாக முடிகிறது என்றால் சிப், ஃபிளாஷ் (புரோகிராமைச் சேமிக்கும் மெமரி), யுஎஸ்பி கேபிள் மூன்றும் வேலை செய்கின்றன. கோடை இப்போதைக்குத் தொடாதீர்கள். ரீசெட் ஆனவுடன் சிப் தானாகவே சில வரிகள் எழுதும். அதை எழுதுவது உங்கள் புரோகிராம் இல்லை, சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ரோம். கோளாறு எந்தப் பக்கம் என்று அந்த வரிகளே காட்டிக்கொடுத்துவிடும்.

அடாப்டரைக் கழற்றுங்கள். சில போர்டுகளில் தடுப்பு டயோடு இருக்காது, அதனால் அடாப்டரையும் யுஎஸ்பி-யையும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. ரிலே, ஓஎல்இடி வயர்கள் அப்படியே இருக்கட்டும். யுஎஸ்பி-யை இணைத்து, சீரியல் மானிட்டரை (போர்டு எழுதும் வரிகளைக் கணினியில் காட்டும் ஜன்னல்) 115200 வேகத்தில் திறந்து, ஈஎன் பட்டனை (ரீசெட் பட்டன்) ஒரு தட்டு தட்டுங்கள். 'ஆர்எஸ்டி' என்று தொடங்கும் வரியில் 'பூட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஹெக்ஸ் எண் (16-ஐ அடிப்படையாக வைத்து எழுதும் எண், 0x13 போல) இருக்கும். ஒழுங்காக ஓடும் போர்டில் அது பெரும்பாலும் 13.

ரீசெட் விலகிய அந்தக் கணத்தில் எந்தெந்தப் பின் ஹையாக (வோல்டேஜ் உள்ள நிலையில்; இல்லாத நிலை லோ) இருந்தது என்பதன் கணக்குதான் அந்த எண். ஜிபிஐஓ 12 ஹையாக இருந்தால் 20, ஜிபிஐஓ 0-க்கு 10, ஜிபிஐஓ 2-க்கு 8, 4-க்கு 4, 15-க்கு 2, 5-க்கு 1. ஹையாக இருப்பவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எதுவும் மாட்டாத போர்டில் 0, 15, 5 மூன்றும் ஹை; 10, 2, 1 சேர்ந்து 13. உங்கள் போர்டில் 33 வரும் என்று நினைக்கிறேன். அதன் கீழே 'ஃபிளாஷ் ரீட் எர்ரர், 1000' என்ற வரி திரும்பத் திரும்ப ஓடும். 13-க்கும் 33-க்கும் உள்ள வித்தியாசம் 20, அதாவது ஜிபிஐஓ 12.

காரணம் இதுதான். ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட் கொடுப்பதா 1.8 வோல்ட் கொடுப்பதா என்பதை சிப் ரீசெட் நேரத்தில் ஜிபிஐஓ 12-ஐப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. லோ என்றால் 3.3, ஹை என்றால் 1.8. சாதாரண டெவ் போர்டில் இருப்பது 3.3 வோல்ட் ஃபிளாஷ், 1.8 வந்தால் அது படிக்காது. சும்மா விட்டால் சிப்புக்குள் இருக்கும் புல்டவுன் ரெசிஸ்டர் (கிரவுண்டை நோக்கி இழுப்பது) பின்னை லோவில் வைத்திருக்கும். ஆனால் லோ கொடுத்தால் ஆன் ஆகும் வகை ரிலே மாட்யூலில், இன்புட் பின்னிலிருந்து ஆப்டோகப்ளரின் (ஒளி மூலம் சிக்னல் கடத்தும் பாகம்) எல்இடி, சுமார் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக விசிசி (மாட்யூலின் பவர் பின்) வரை பாதை இருக்கிறது. சிப்பின் புல்டவுனோ சுமார் 45 கிலோ ஓம். இழுபறியில் ரிலே ஜெயித்துவிடுகிறது. வயர் இல்லாமல் அப்லோட் ஒழுங்காக முடிந்ததும் இதனால்தான்.

ரிலே வயரை ஜிபிஐஓ 25, 26, 27, 32, 33 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள், கோடில் பின் எண்ணையும் மாற்றுங்கள். 34, 35, 36, 39 நான்கும் இன்புட் மட்டுமே, ரிலேவுக்கு உதவாது. 6 முதல் 11 வரை ஃபிளாஷோடு இணைந்தவை, அவற்றைத் தொடவே கூடாது. ஜிபிஐஓ 12-ஐப் பொருட்படுத்தாமல் எப்போதும் 3.3 வோல்ட் கொடுக்கும்படி ஈஃபியூஸை (சிப்புக்குள் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய அமைப்பு) எரிக்கும் வழியும் உண்டு. ஒரு வயரை இடம் மாற்றினால் தீரும் விஷயத்துக்கு, திரும்ப மாற்றவே முடியாத ஒன்றைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. 1.8 வோல்ட் ஃபிளாஷ் உள்ள மாட்யூலில் அதைச் செய்தால் ஃபிளாஷே கெடலாம்.

33 வராமல் 3 வந்து, 'வெயிட்டிங் ஃபார் டவுன்லோட்' என்று நின்றால் ஜிபிஐஓ 0 லோவில் மாட்டியிருக்கிறது. பூட் பட்டன் அமுங்கியபடி சிக்கியிருக்கலாம், அல்லது அந்தப் பின்னில் ஏதோ இணைத்திருப்பீர்கள். 'இன்வேலிட் ஹெடர்' என்று வந்து, கூடவே எஃப் (f) எழுத்தாக வரிசை கட்டினால், ஃபிளாஷில் அந்த இடம் காலி என்று பொருள். முழு ஃபிளாஷையும் அழித்துவிட்டு மறுபடி அப்லோட் செய்யுங்கள். ஃபிளாஷ் மோடை டிஐஓ, வேகத்தை 40 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஒரு வரியுமே வரவில்லை என்றால் அவசரப்பட்டு போர்டைக் குறை சொல்லாதீர்கள். ரீசெட்டின்போது ஜிபிஐஓ 15 லோவாக இருந்தால் ரோம் மௌனமாகவே பூட் ஆகும்.

எண் 13 என்று சரியாக வந்து, பிறகு 'பிரவுன்அவுட்' செய்தியோடு ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தால் பவர் போதவில்லை. பலர் மல்டிமீட்டரில் 3.3 பார்த்துவிட்டு பவர் சரி என்று நகர்ந்துவிடுகிறார்கள். வைஃபை அனுப்பும்போது கரண்ட் 240 மில்லிஆம்பியர் வரை எகிறும். அந்தச் சில மில்லிசெகண்ட் சரிவு மீட்டரில் தெரியாது. 3.3 வோல்ட் ரெயிலுக்குக் குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும். இஎஸ்பி32 மாட்யூலுக்கு மிக அருகில் 3வி3-க்கும் (3.3 வோல்ட் பின்) கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள், துருவம் மாறக் கூடாது. ரிலே காயிலை 3வி3 பின்னிலிருந்து ஓட்டாதீர்கள், அதற்கு 5 வோல்ட் லைன் வேண்டும். 3.7 வோல்ட் லித்தியம் செல்லை 5வி பின்னில் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் தனக்கே 1 வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், சிப்புக்கு மிஞ்சுவது 2.7 வோல்ட்கூட இருக்காது.

அடாப்டரில் போட்டதும் ஓடாமல், ஈஎன் பட்டனைத் தட்டினால் மட்டும் ஓடுகிறது என்றால் வோல்டேஜ் மெதுவாக ஏறுகிறது. அது நிலைப்பதற்குள் சிப் விழித்துவிடுகிறது. ஈஎன்-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட் போதும். போதாவிட்டால் 10 வரை போகலாம்.

13 வந்து, பவரும் சரி, அதன் பிறகு 'குரு மெடிடேஷன்' (புரோகிராம் கிராஷ் ஆனதைச் சொல்வது) என்ற செய்தி வந்தால், இப்போதுதான் கோடைத் திறக்க வேண்டிய நேரம். 'ஸ்டேக் கேனரி', 'லூப்டாஸ்க்' என்ற சொற்கள் அதில் இருந்தால் ஃபங்ஷனுக்குள் பெரிய அரே அறிவித்திருப்பீர்கள். லூப் ஓடும் டாஸ்க்குக்குக் கிடைப்பது 8 கிலோபைட் ஸ்டேக் (தற்காலிக மெமரி) மட்டுமே, அரேயை வெளியே குளோபலாக வையுங்கள்.

எந்தப் பிழையும் காட்டாமல் அமைதியாக நிற்கிறது என்றால் செட்அப்பில் வைஃபைக்காகக் காத்திருக்கும் ஒயில் (while) லூப்பைப் பாருங்கள். ரவுட்டர் எட்டாத இடத்தில் வைத்தால் புரோகிராம் அந்த வரியைத் தாண்டவே தாண்டாது. 15 செகண்ட் வரம்பு வைத்து, இணைப்பு கிடைக்காவிட்டாலும் லூப்புக்குள் போகும்படி எழுதுங்கள். ரிலே வேலை செய்ய வைஃபை தேவையில்லையே.